சின்ன இன்ஜின், பெரிய வேலை: டர்போ பெட்ரோல் கார் வாங்கும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வேளச்சேரியில இருந்து மறுபடியும் நான்தான். இன்னைக்கு கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது, அப்ரைசல் புலம்பலும் கிடையாது. கார் இன்ஜின் பத்திப் பேசப் போறோம். குறிப்பா, ஒரு லிட்டர் அளவுல வர்ற சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்.

ஏன் இந்த டாபிக்? நம்ம செட்டுல பாதிப் பேர் இப்போ முதல் கார் தேடிட்டு இருக்காங்க. புதுசு எடுத்தா இஎம்ஐ பயம். அதனால செகண்ட் ஹேண்ட். அங்க போய்ப் பார்த்தா டர்போ பெட்ரோல் வண்டிங்க வரிசையா நிக்குது. விக்கிறவர் சொல்ற டயலாக்கும் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்: "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, பத்து வருஷத்துல முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வகை இன்ஜின்ல அந்த முப்பதாயிரம்ங்கிற நம்பர் உங்களுக்குச் சொல்றது ரொம்பக் கம்மி. சில சமயம் அது நல்ல செய்தியே கிடையாது. ஏன்னு முழுசாப் பார்த்துட்டு, கடைசியில ஒரு செக்லிஸ்ட்டும் தர்றேன்.

இது நம்ம ஊர் கதை

சின்ன டர்போ பெட்ரோல்னாலே ஏதோ ஜெர்மன் சமாச்சாரம்னு நினைக்கிறோம். ஆனா சென்னையைச் சுத்தி ஒரு ரவுண்டு போனா போதும். ஜிஎஸ்டி ரோட்டுல மறைமலை நகர் போனா, அங்க ஃபோர்டு ஆலை. 2013 ஜூன்ல இந்தியாவுல வந்த ஈகோஸ்போர்ட் அங்கதான் தயாராச்சு. அதுல ஒரு வேரியன்ட்டுல 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட். பெங்களூர் ஹைவேயில இருங்காட்டுக்கோட்டை. அங்க ஹூண்டாய். 2019 மே மாசம் வந்த வென்யூவுல 1.0 லிட்டர் டர்போ. ஒரகடம் போனா ரெனோ-நிசான் கூட்டா ஆரம்பிச்ச ஆலை. 2020 டிசம்பர்ல வந்த மேக்னைட், அப்புறம் அதோட உடன்பிறப்பு கைகர், ரெண்டுலயும் 1.0 லிட்டர் டர்போ. மூணு ஆலையும் நம்ம வேளச்சேரியில இருந்து காலையில கிளம்பினா ஒரே நாள்ல சுத்திட்டு வந்துடலாம்.

இவ்வளவு பேர் ஏன் ஒரு லிட்டர்லயே வந்து நிக்கிறாங்க? எல்லாம் வரிதான். நம்ம நாட்டுல 'சின்ன கார்'னு வரிச்சலுகை கிடைக்கணும்னா ரெண்டு கண்டிஷன். நீளம் நாலு மீட்டருக்குள்ள இருக்கணும். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ள இருக்கணும். எக்சைஸ் டியூட்டி காலத்துல இருந்து இதுதான் கோடு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாத்தினப்பவும் அதே கோட்டை வச்சுத்தான் இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம்னு பிரிச்சாங்க. எஸ்யூவி மாதிரி உயரமா ஒரு வண்டி வேணும், நல்லா இழுக்கணும், ஆனா இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டக் கூடாது. அப்போ இருக்கிற வழி டர்போ.

நம்பர் என்ன சொல்லுது?

ஈகோஸ்போர்ட்டையே எடுத்துப்போம். ஏன்னா ஒரே கார்ல ரெண்டு விதமான பெட்ரோல் இன்ஜின் வந்துச்சு. ஒண்ணு டர்போ இல்லாத சாதா 1.5 லிட்டர்: 112 குதிரைசக்தி, 140 நியூட்டன் மீட்டர் டார்க். இன்னொண்ணு 999 சிசி ஈகோபூஸ்ட்: 3 சிலிண்டர், 125 குதிரைசக்தி, 170 நியூட்டன் மீட்டர். மூணுல ஒரு பங்கு சின்ன இன்ஜின், ஆனா சக்தியும் இழுவையும் அதிகம். கம்பெனி சொன்ன மைலேஜும் லிட்டருக்கு சுமார் 18.9. அது 1.5 லிட்டரை விட மூணு கிலோமீட்டர் கூட.

இப்போ ஒரு லிட்டருக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. சாதா இன்ஜின் லிட்டருக்கு சுமார் 93 நியூட்டன் மீட்டர் தருது. டர்போ 170. அதாவது பிஸ்டன் தலையில விழுற சராசரி அழுத்தம் ஏறக்குறைய 1.8 மடங்கு. காசு குடுத்து வாங்கின அந்த பிக்கப் அந்தரத்துல இருந்து வரல. அதே அளவு உலோகத்தைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேலை வாங்குறாங்க.

நம்ம பாஷையில சொன்னா, ஒரு சர்வர் 40 சதவீத லோடுல ஓடுதுன்னு வைங்க. நடுவுல ஒரு மோசமான குவெரி வந்தாலும் தாங்கும், யாருக்கும் தெரியாது. அதே சர்வரை 85 சதவீதத்துல ஓட்டினா, அப்பவும் ஒழுங்காத்தான் ஓடும். ஆனா சின்னத் தப்புக்கு அங்க இடம் இருக்காது. பழைய சாதா பெட்ரோல் இன்ஜின் முதல் வகை. ஆயில் மாத்த ஆறு மாசம் லேட் ஆனாலும் மன்னிச்சு விட்டுடும். டர்போ ரெண்டாவது வகை.

அதுக்காக இது மட்டமான இன்ஜின்னு சொல்லிட முடியாது. ஈகோபூஸ்ட் 1.0 இங்கிலாந்துல டன்டன்ல வடிவமைச்சது. பிளாக்கோட அடிப்பாகம் ஒரு ஏ4 பேப்பர்ல அடங்கும்னு ஃபோர்டு விளம்பரமே பண்ணுச்சு. 2012, 2013, 2014 மூணு வருஷமும் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருது. 3 சிலிண்டர் இன்ஜின்ல வர்ற ஆட்டத்தைக் குறைக்க வழக்கமா உள்ள தனியா ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் வைப்பாங்க. இவங்க அதை வைக்காம, ஃப்ளைவீலையும் முன்பக்க புல்லியையும் வேணும்னே எடை சமமில்லாம செஞ்சு ஆட்டத்தைத் திசை திருப்பிட்டாங்க. அழகான இன்ஜினியரிங். ஆனா அழகான இன்ஜினியரிங்குக்கும் சரியான பராமரிப்பு வேணும்.

ஆயில்: இங்க அது ஒரு பார்ட்

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா, இதை வச்சுக்கோங்க: சின்ன டர்போ இன்ஜின்ல ஆயிலும் ஒரு பார்ட்தான். பிஸ்டன் மாதிரி, வால்வு மாதிரி.

முதல் காரணம் டர்போ. இன்ஜின் வெளிய தள்ளுற புகையோட வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இருக்கிற சக்கரம் காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும். ஈகோபூஸ்ட்ல இது நிமிஷத்துக்கு 2,48,000 சுத்து வரைக்கும் போகும்னு ஃபோர்டு சொன்னது. விநாடிக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல. இந்த வேகத்துல அந்தத் தண்டு உலோகத்து மேல உக்கார்ந்து சுத்தவே முடியாது, மெல்லிசா ஒரு ஆயில் படலத்துல மிதக்குது. ஆயில் கெட்டியானாலோ, வர்ற வழியில கசடு அடைச்சாலோ, முதல்ல போறது டர்போதான்.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் விசித்திரம். இன்ஜினோட மேல் பாகமும் கீழ் பாகமும் ஒரே தாளத்துல ஓட ஒரு டைமிங் செயின் இல்லன்னா டைமிங் பெல்ட் வேணும். வழக்கமா ரப்பர் பெல்ட்னா ஆயில் படாம வெளிய காய்ஞ்ச இடத்துல இருக்கும். ஈகோபூஸ்ட்ல அந்த பெல்ட்டைக் கொண்டு போய் ஆயிலுக்குள்ளயே வச்சாங்க. வெட் பெல்ட்னு சொல்வாங்க. உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கூடும். எண்ணெய் பம்ப்பைச் சுத்துறதும் இன்னொரு வெட் பெல்ட்.

பிரச்சினை எங்க வருது? அந்த ரப்பர் குறிப்பிட்ட ஒரு ஆயிலுக்காகவே செஞ்சது. அந்த இன்ஜினுக்கு ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-20 கிரேடு, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி அப்படிங்கிற ஸ்பெக். அதை விட்டுட்டு, கடையில ஸ்டாக் இருக்கிற ஏதோ ஒரு ஆயிலை ஊத்தினா, இல்ல சரியான ஆயிலையே மாத்தாம வருஷக்கணக்கா விட்டா, ரப்பர் ஊறி, உப்பி, பல்லு பல்லா உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த துகள் எங்க போகும்? கீழ ஆயில் சம்ப்புல, ஆயிலை உறிஞ்சுற வலையில போய் ஒட்டும். வலை அடைச்சா ஆயில் பிரஷர் இறங்கும். பிரஷர் இறங்கினா டர்போ, பேரிங், கேம்ஷாஃப்ட்னு வரிசையா அடி வாங்கும். பெல்ட் அறுந்து போகணும்னு கூட அவசியமில்லை. உதிர ஆரம்பிச்சாலே போதும்.

இதுக்கும் நம்ம மறைமலை நகருக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. 2018ல இருந்து அமெரிக்காவுல வித்த ஈகோஸ்போர்ட் எல்லாம் இங்க தயாராகி, கப்பல் ஏறிப் போனதுதான். 2023 டிசம்பர்ல அங்க ஃபோர்டு ஒரு ரீகால் அறிவிச்சுது. 1.0 லிட்டர் இன்ஜின் போட்ட ஃபோகஸ் 2016 முதல் 2018 மாடல் வரைக்கும், ஈகோஸ்போர்ட் 2018 முதல் 2022 மாடல் வரைக்கும், மொத்தம் கிட்டத்தட்ட 1,40,000 கார். காரணம், ஆயில் பம்ப் பெல்ட்டும் அதோட டென்ஷனரும் பழுதாகி, ஆயில் பிரஷர் போய், ஓடும்போதே இன்ஜின் நின்னு போற ஆபத்து. இன்ஜின் நின்னா பிரேக்குக்குக் கிடைக்கிற உதவியும் போயிடும்.

பின்னாடி வந்த ஈகோபூஸ்ட் இன்ஜின்கள்ல டைமிங் பெல்ட்டை எடுத்துட்டு செயினுக்கு மாறினாங்க. ஆனா ஆயில் பம்ப்புக்கு பெல்ட் தொடர்ந்துச்சு. இது ஃபோர்டுக்கு மட்டும் வந்த தலைவலியும் இல்ல. ஐரோப்பாவுல பெஜோ, சிட்ரோயன் கார்கள்ல வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் இன்ஜின்லயும் இதே வெட் பெல்ட் உதிர்ற பிரச்சினை. 2024ல ஸ்டெலான்டிஸ் அந்த இன்ஜினுக்கு அங்க 10 வருஷம் இல்லன்னா 1,75,000 கிலோமீட்டர் வரைக்கும் வாரன்ட்டியை நீட்டிச்சுது.

எல்லா சின்ன டர்போவும் இப்படி இல்லைங்கிறதையும் சொல்லிடணும். வென்யூவோட இன்ஜின்ல செயின். மேக்னைட்லயும் செயின். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவோட 1.0 டிஎஸ்ஐல பெல்ட்தான், ஆனா ஆயில் படாத காய்ஞ்ச பெல்ட். அதனால நீங்க பார்க்கிற வண்டியில எதுன்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க.

இப்போ அந்த டாக்டர் வண்டிக்குத் திரும்புவோம். ஐரோப்பாவுல ஈகோபூஸ்ட் பெல்ட்டுக்கு ஃபோர்டு சொன்ன ஆயுள் 10 வருஷம் இல்லன்னா 2,40,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. 2013, 2014 மாடல் ஈகோஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு. மீட்டர்ல முப்பதாயிரம்தான் காட்டினாலும், பெல்ட் மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு. "ஓடவே இல்லை சார்"னு சொல்ற வண்டியில, "ஓடலைன்னு ஆயிலே மாத்தலை சார்"ங்கிறதும் சேர்ந்து இருக்கலாம். அது ரெட்டை ஆபத்து.

வேளச்சேரி கணக்கு

கிலோமீட்டர் ஏன் ஏமாத்தும்ங்கிறதுக்கு இன்னொரு கணக்கு சொல்றேன். பத்தாயிரம் கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், அதுக்கு ஒரு தடவை ஆயில்னு பொதுவா சொல்வாங்க. வேளச்சேரியில இருந்து ஓஎம்ஆர் ஆபீசுக்கு தினமும் போற ஒருத்தர், டிராஃபிக்ல மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர்ல போறார்னு வைங்க. விஜயநகர் சிக்னலைத் தெரிஞ்சவங்களுக்கு இது தாராளமான கணக்குன்னு புரியும். பத்தாயிரம் கிலோமீட்டர் முடிக்க அவரோட இன்ஜின் 666 மணி நேரம் ஓடணும். அதே இன்ஜின் சென்னை–திருச்சி ஹைவேயில சராசரி 60ல போனா 166 மணி நேரம். மீட்டர்ல ரெண்டும் ஒண்ணு. ஆயிலுக்கு நாலு மடங்கு வித்தியாசம்.

அது போக, வெயில்ல ஏசி போட்டு நின்னுக்கிட்டே ஓடுற நேரம். பக்கத்துல கடைக்குப் போயிட்டு, சூடு ஏறுறதுக்குள்ள ஆஃப் பண்ற நேரம். இப்படிச் சின்னச் சின்ன ஓட்டத்துல எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா ஆயில்ல கலந்து அதை நீர்த்துப் போக வைக்கும். கார் மேனுவல் எடுத்துப் பாருங்க, 'கடுமையான பயன்பாடு'ன்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும். அதுல இருக்கிற வர்ணனை அப்படியே நம்ம ஊர். அதனால டர்போ வண்டிக்கு நான் சொல்றது: ஐயாயிரம் முதல் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குள்ள ஆயில் மாத்துங்க. ஓடினாலும் ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா. ஒரு இன்ஜின் பிரிச்சு வேலை பார்க்கிற செலவுக்கு முன்னாடி கூடுதலா ஒரு ஆயில் சர்வீஸ் ஒண்ணுமே இல்ல.

கூலன்ட்: சத்தம் போடாம காலி ஆகும்

ஈகோபூஸ்ட்டோட ஆரம்ப காலத்துல ஐரோப்பாவுல வந்த இன்னொரு பெரிய புகார், டீகாஸ் ஹோஸ். கூலன்ட் டேங்க்குக்குப் போற ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். சூட்டுல வெடிப்பு விட்டு, கூலன்ட் வெளிய போயிடும். சின்னக் குழாய்தானேன்னு தோணும். ஆனா கூலன்ட் இல்லாம ஓடினா ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், சில வண்டியில மொத்த இன்ஜினும் போச்சு.

இதுல ஒரு குரூரமான விஷயம் இருக்கு. வெப்பமானி பல வண்டியில கூலன்ட்டோட சூட்டைத்தான் அளக்குது. சென்சாரைச் சுத்தித் திரவமே இல்லாமப் போனா, அது காட்டுற நம்பரை நம்ப முடியாது. முள் நடுவுல நிக்கும், உள்ள இன்ஜின் வெந்துட்டு இருக்கும். அதனால வாரம் ஒரு தடவை, காலையில இன்ஜின் ஆறின நிலையில, பானெட்டைத் திறந்து டேங்க்ல லெவல் பாருங்க. குறைஞ்சுட்டே வந்தா தண்ணி ஊத்தி சமாளிக்காதீங்க. எங்க போகுதுன்னு கண்டுபிடிங்க. இது எந்த பிராண்டு டர்போவுக்கும் பொருந்தும். சின்ன இடத்துல அதிகச் சூடு, பக்கத்துலயே பிளாஸ்டிக்கும் ரப்பரும்.

ஓட்டுற விதம்

டர்போ வண்டியில குறைஞ்ச வேகத்துலயே இழுவை கிடைக்கும். ஈகோபூஸ்ட்ல 1,400 ஆர்பிஎம்லயே முழு டார்க். வென்யூவுல 1,500ல 172 நியூட்டன் மீட்டர். அதனால நமக்கு ஒரு சோம்பேறித்தனம் வரும். வேளச்சேரி மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியர்லயே வச்சு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறது. வண்டி ஏறிடும். ஆனா உள்ள வேற ஒண்ணு நடக்கலாம்.

குறைஞ்ச சுழற்சி, அதிக லோடு. இந்த நிலையில சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கலந்த ஆயில் துளி ஏதாவது, ஸ்பார்க் பிளக் பொறி விடுறதுக்கு முன்னாடியே தானாப் பத்திக்கும். எல்எஸ்பிஐன்னு சொல்வாங்க. மேல வந்துட்டு இருக்கிற பிஸ்டனை எதிர்த்து ஒரு வெடிப்பு. சாதாரண நாக்கிங் மாதிரி இல்ல இது. ஓரிரு தடவை நடந்தாலே பிஸ்டன் ரிங் உக்காரும் இடம் உடையலாம்.

இதுக்கும் பதில் ஒரு பாதி ஆயில்லதான் இருக்கு. ஆயில்ல சேர்க்கிற கால்சியம் வகை சுத்திகரிப்புப் பொருள் இந்த முன்வெடிப்பைத் தூண்டுதுன்னு கண்டுபிடிச்சு, அதைக் குறைச்சு மெக்னீசியம் சேர்த்தாங்க. 2018ல வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020ல வந்த ஏபிஐ எஸ்பி, ரெண்டும் இந்தச் சோதனையைத் தாண்டின ஆயில்கள். டப்பாவுல 'ஃபுல்லி சிந்தெடிக்'னு பெருசா எழுதியிருக்கிறதை விட, பின்னாடி சின்ன எழுத்துல எஸ்பின்னு இருக்கா, கம்பெனி சொன்ன ஸ்பெக் இருக்கான்னு பாருங்க.

மறு பாதி உங்க கையில. மேடு ஏறும்போதும் ஓவர்டேக் பண்ணும்போதும் ஒரு கியர் குறைங்க. ஹைவேயில நூறுல வந்து டோல்கேட் பக்கத்துல டீக்கு நிறுத்தும்போது, உடனே சாவியைத் திருப்பாம அரை நிமிஷம் ஓட விடுங்க. சூடான டர்போவுல ஆயில் நின்ன இடத்துலயே கருகிப் போறதை அது குறைக்கும். ஸ்டார்ட் பண்ண உடனே ரேஸ் பண்ணவும் வேண்டாம்.

கார்பன், அப்புறம் இ20

வென்யூ, ஈகோபூஸ்ட், டிஎஸ்ஐ, மாருதி பூஸ்டர்ஜெட் எல்லாம் நேரடியா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோலைத் தெளிக்கிற வகை. பழைய முறையில பெட்ரோல் இன்டேக் வால்வு மேல பட்டு, அதைக் கழுவிட்டே உள்ள போகும். இதுல கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி படிஞ்சு படிஞ்சு வால்வு மேல கறுப்பா கார்பன் சேரும். அறிகுறி: காலையில ஸ்டார்ட் பண்ணும்போது தடுமாற்றம், ஐடில்ல நடுக்கம், பிக்கப் குறையுறது. டேங்க்ல ஊத்துற கிளீனர் பாட்டில் இந்த வால்வு வரைக்கும் போகவே போகாது. முத்திப் போனா, வால்நட் ஓட்டைப் பொடி பண்ணி வேகமா அடிச்சுச் சுத்தம் பண்றதுதான் வழி. மேக்னைட், கைகர், பழைய நெக்ஸான் 1.2 டர்போ இவங்க பழைய முறையிலயே தெளிக்கிறதால இந்தத் தொல்லை இல்லை.

இ20 பத்தி ஒரே வரி. எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு குறைவு. அதனால மைலேஜ் கொஞ்சம் குறையுறது உங்க வண்டியோட பழுது இல்ல. ஆனா பழைய வண்டி வாங்கினா, ஃபியூயல் மூடி உட்பக்கமும் மேனுவல்லயும் எத்தனை சதவீதம் வரைக்கும்னு போட்டிருக்குன்னு பாருங்க. பத்துன்னு இருந்தா, ஃபியூயல் ஹோஸையும் சீலையும் சர்வீஸ்ல கவனமாப் பார்க்கச் சொல்லுங்க.

மழைன்னு வந்தா

வேளச்சேரியில உக்கார்ந்துட்டு இதைப் பேசாம இருக்க முடியாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டும் நமக்குத் தெரியும். இப்போ ரெட் அலர்ட் வந்தாலே ஜனங்க மேம்பாலத்துல காரைக் கொண்டு போய் வரிசையா விடுறாங்க. சிரிக்கலாம், ஆனா டர்போ காரைப் பொறுத்த வரைக்கும் அது புத்திசாலித்தனம்.

டர்போ அழுத்தின காத்து சூடா இருக்கும். அதை ஆற வைக்க இன்டர்கூலர் வேணும். பல கார்ல அதுவும் அதோட குழாய்களும் முன்பக்கம் தாழ்வா இருக்கும். எங்கயாவது ஜாயின்ட் லூசா இருந்தா, தேங்கின தண்ணியில போகும்போது அந்த வழியா ஈரம் உள்ள போகலாம். ஏர் இன்டேக்ல நேரடியா தண்ணி ஏறினா கேட்கவே வேண்டாம். காத்தை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். வண்டி தண்ணியில நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒரு தடவை கூட வேண்டாம். தள்ளி, டோ பண்ணிக் கொண்டு போங்க. சாதா இன்சூரன்ஸ் பாலிசி இந்த வகை இன்ஜின் சேதத்தைப் பொதுவா ஏத்துக்காது. 'இன்ஜின் புரொடக்ட்' ஆட்-ஆன் தனியா எடுக்கணும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் இருக்கிறவங்க அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

வாங்கப் போறவங்களுக்கு செக்லிஸ்ட்

ஒண்ணு. வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, "இன்ஜினைச் சூடு பண்ணி வைக்காதீங்கண்ணே, நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்"னு சொல்லுங்க. போனதும் பானெட் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, ஏன்னு கேளுங்க.

ரெண்டு. முதல் ஸ்டார்ட்ல காது குடுங்க. நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. விசில் சத்தம் லேசா இருந்தா பரவாயில்ல, ஊளையிடுற சத்தம்னா டர்போவைச் சந்தேகப்படுங்க. ஆயில் விளக்கு ஒரு விநாடி தாண்டியும் அணையாம இருந்தா அங்கயே பேச்சை முடிச்சுடலாம்.

மூணு. சர்வீஸ் பில் எல்லாத்தையும் கேளுங்க. கிலோமீட்டர் வரிசையைப் பார்க்காதீங்க, தேதி வரிசையைப் பாருங்க. ரெண்டு சர்வீசுக்கு நடுவுல ரெண்டு வருஷ இடைவெளி இருக்கா? பில்லுல என்ன ஆயில், என்ன கிரேடுன்னு இருக்கா? 'இன்ஜின் ஆயில், 4 லிட்டர்'னு மட்டும் இருந்தா அது பதில் இல்ல.

நாலு. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. கெட்டியான கறுப்புக் கசடு இருந்தா பராமரிப்பு இல்லை. டிப்ஸ்டிக்ல பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. வெட் பெல்ட் வண்டின்னா, பெல்ட் எப்போ மாத்தினதுன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கோங்க. அந்தச் செலவை விலையில குறைச்சுப் பேசுங்க. பெல்ட் மாத்தும்போது சம்ப்பைக் கழட்டி உறிஞ்சு வலையையும் சுத்தம் பண்ணச் சொல்லணும். அந்த இன்ஜினுக்கான டைமிங் லாக் டூல் இல்லாத மெக்கானிக் கிட்ட இந்த வேலையைக் குடுக்காதீங்க.

அஞ்சு. கூலன்ட் லெவல், டேங்க் சுத்திக் காய்ஞ்ச கறை, ஹோஸ்ல வெடிப்பு. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அடியில மண் கறை இருந்தா, அந்த வண்டி ஏதோ ஒரு டிசம்பரைப் பார்த்திருக்கு.

ஆறு. இன்ஜினைத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் ஸ்கேனர் போட்டுப் பாருங்க. டர்போ பிரஷர், மிஸ்ஃபயர் எண்ணிக்கை எல்லாம் அதுல தெரியும்.

இந்த ஆறும் ஒழுங்கா இருந்தா, எண்பதாயிரம் ஓடின வண்டியா இருந்தாலும் தைரியமா எடுங்க. ஆறுல மூணு இல்லைன்னா, முப்பதாயிரம் ஓடின டாக்டர் வண்டியா இருந்தாலும் டாக்டருக்கே விட்டுடுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு செய்தி. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சுது. 2022ல மறைமலை நகர்ல கடைசி ஈகோஸ்போர்ட் வெளிய வந்துச்சு. சர்வீசும் பார்ட்ஸும் தொடருது. 2025 அக்டோபர் கடைசியில தமிழ்நாடு அரசோட அவங்க ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதே மறைமலை நகர் ஆலையில 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029ல இருந்து வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின். இந்தத் தடவை கார் இல்ல, இன்ஜின்தான். அதுல டிசைன் வேலைக்கோ, டெஸ்டிங் வேலைக்கோ, மென்பொருள் வேலைக்கோ நம்ம கேட்கிறவங்கள்ல சில பேர் போகலாம். போனீங்கன்னா, பெல்ட்டை எங்க வைக்கிறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க.

உங்க டர்போ வண்டி எவ்வளவு ஓடியிருக்கு, எந்த ஆயில் ஊத்துறீங்க, என்ன தொந்தரவு வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். அது வரைக்கும் வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறங்க.